தொட்டில் கட்டை

ஆப்ரிகாட் பழுத்துவிட்டால் இஸ்ஃபரா பக்கத்து ஊர்களில் யாருக்கும் சண்டை போட நேரம் இருக்காது. விடியும் முன்பே மரத்தடியில் துணி விரித்துக் கிளையை உலுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்துக் கூரைமேல் தட்டிகளில் பரப்ப வேண்டும். கை பிசுபிசுத்து, நகக்கண்ணெல்லாம் மஞ்சள் ஏறி, குளவிக்குப் பயந்து முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு திரிகிற அந்த மாதத்திலும் சண்டையைக் கைவிடாமல் காப்பாற்றி வந்தவர்கள் ஊரில் இரண்டே பேர்தான். ஒரே முற்றத்தில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். மூத்தவள் ஒய்னிசோ, இளையவள் மவ்ஜூதா.

மூத்தவளின் தட்டிகள் கூரையின் கிழக்கு ஓரத்தில் கிடந்தன. இளையவளுடையவை மேற்கு ஓரத்தில். நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு வெயில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நடுவுல யாருக்குடி இடம் விட்டிருக்கீங்க? மூணாவதா ஒரு மருமக வரப்போறாளா? நான் பெத்ததே ரெண்டு பையனுங்கதான்!"

அந்த இரண்டு பையன்களும் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்கப் போகிறார்கள்? தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவியிருப்பார்கள்.

சண்டை வந்த கதை இதுதான். வசந்தத்தில் ஒரு மத்தியானம், மவ்ஜூதாவின் பெண் லோலா மல்பெரி மரத்தடியில் மெத்தை விரிப்பில் மல்லாந்து கிடந்தாள். அப்போது ஏழு மாதக் குழந்தை. பெரிய இரும்புச் சட்டியின் மூடியைக் கழுவ எடுத்துப் போன ஒய்னிசோ கைதவறி அதை வாய்க்கால் கல்லில் போட்டுவிட்டாள். கோழிகள் பறந்து சுவரேறின. ஒய்னிசோவின் கடைசிப் பையன் வீறிட்டு அழுதான். உள்ளேயிருந்த மாமியார், "வீட்டை இடிக்கிறீங்களாடி!" என்று கத்தினாள். லோலா மட்டும் இலைகள் அசைவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண் இமைக்கவில்லை.

ஒய்னிசோ மூடியை எடுத்தாள். குழந்தையைப் பார்த்தாள். அதே மூடியை அதே கல்லில் இன்னொரு தடவை வேண்டுமென்றே போட்டாள். அப்புறம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மவ்ஜூதாவிடம் போய் நின்றாள். மனதில் தோன்றியதை ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"மவ்ஜூ, உன் பொண்ணுக்குக் காது கேக்கலை."

மவ்ஜூதாவின் கையிலிருந்த மாவு அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க?"

"கேக்கலைன்னேன். ரெண்டு தடவை போட்டேன். அசையலை."

"மூணு பையனைப் பெத்துட்டுப் பொண்ணு இல்லையேன்னு உங்களுக்கு வயிறு எரியுது. அதான் என் புள்ள மேல கண்ணு வைக்கிறீங்க."

"என் வயிறு எரிஞ்சா தண்ணி குடிச்சுக்கிறேன். நீ புள்ளையக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டு."

மாமியார் பஞ்சாயத்துக்கு வந்தாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு வழி இருக்கும். குழந்தையை மரத்தொட்டிலில் படுக்க வைத்து, கைகால்களைப் பட்டைத் துணியால் கட்டச் சொன்னாள். கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வருகிற செம்புத் தட்டை எடுத்து வந்து, தொட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை போகும் மேல்கட்டையில் விளிம்பைச் சாய்த்து வைத்து, கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். லோலாவின் கண் படபடத்தது. தலையைத் திருப்பி மேலே பார்த்தாள்.

"பாத்தியா! பாத்தியா! அடுத்த ஊருல போற கழுதையோட காலடிகூட என் பேத்திக்குக் கேக்கும்!"

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒய்னிசோவின் முகம் சிவந்தது. "கேக்குதுன்னா சந்தோஷம்தான்," என்று சொல்லிவிட்டு மூடியைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

மவ்ஜூதாவுக்குச் செம்புத் தட்டுகூடத் தேவையில்லை. அவளிடம் அதைவிடப் பெரிய சாட்சி இருந்தது. தொட்டில்மேல் கவிழ்ந்து, மேல்கட்டையில் மாரைச் சாய்த்துப் பால் கொடுத்தபடியே அவள் பாடுவாள். பாட்டு அவளே கட்டியது. ஆடு தூங்குது, வாய்க்கால் தூங்குது, அப்பன் தூங்குற ஊருல பனி தூங்குது, நீ மட்டும் ஏன் முழிச்சிருக்கே. இரண்டாவது சுற்று வருவதற்குள் லோலாவின் கண் செருகிவிடும். பாட்டை நிறுத்தினால் முனகுவாள், மறுபடி எடுத்தால் அடங்குவாள். காது கேட்காத குழந்தை எங்கேயாவது தாலாட்டுக்குத் தூங்குமா?

ஆனாலும் சொல் ஒரு முள். ஏறினால் ஏறினதுதான். முன்பெல்லாம் வாய் ஓயாமல் கூக்குரலிட்டுக்கொண்டிருந்த லோலா இப்போது வரவர அமைதியாகிவிட்டாள். நல்ல குழந்தை, தொந்தரவில்லாத குழந்தை என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்த மெச்சலைக் கேட்கும்போதெல்லாம் மவ்ஜூதாவுக்கு அந்த முள் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஃபோனில் புருஷனிடம் வேறு மாதிரி சொன்னாள்.

"கூஜந்து டவுன்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டி, நல்லாக் கேக்குதுன்னு அவங்க வாயால சொல்லக் கேட்டுட்டு வரப்போறேன். உங்க அண்ணி மூஞ்சில வந்து சொல்லணும்."

"மூஞ்சியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். போயிட்டு வா," என்றான் இல்ஹோம்.

போனாள். போனதுதான் மிச்சம். அந்தச் சோதனைக்குக் குழந்தை அயர்ந்து தூங்க வேண்டும். தூங்குகிற குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் டக் டக்கென்று சத்தம் விட்டால், அதற்கு மூளை பதில் சொல்கிறதா என்று மெஷின் காட்டும். லோலாவோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதுகு பட்டதுமே வில்லாக வளைந்து கத்தினாள். இரண்டாம் தடவை, விடியற்காலையிலிருந்து தூங்கவிடாமல் கூட்டிப்போனாள். வழியெல்லாம் வேனில் தூங்கி, ஆஸ்பத்திரி வாசலில் பூவாய் மலர்ந்து எழுந்தாள்.

டாக்டர் தஹ்மினா நடுவயதுக்காரி, சோர்ந்த முகம், பொறுமையான குரல். ஒயர்களைச் சுருட்டி வைத்துவிட்டுக் கேட்டாள். "மருந்து குடுத்துத் தூங்க வைக்கலாம். ஆனா தானாத் தூங்கினா நல்லது. வீட்டுல எப்படித் தூங்குவா?"

"தொட்டில்ல கட்டிப் போட்டாத்தான் டாக்டர். வேற எங்கயும் தூங்க மாட்டா."

"இப்படிக் கட்டிப் போடாதீங்க, கட்டிப் போடாதீங்கன்னு வர்ற அம்மாக்களுக்கெல்லாம் சொல்றவ நான்," என்றாள் டாக்டர். கொஞ்சம் யோசித்தாள். "சரி, தொட்டிலைக் கொண்டுவாங்க. நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க."

அப்படித்தான் பழம் உச்சத்தில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மவ்ஜூதா முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, சிவப்பும் பச்சையுமாய்ப் பூ வரைந்த தொட்டிலை இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் புறப்பட்டாள். மாமியாருக்கு முழங்கால் பிடிப்பு. ஊரில் மற்றவர்களெல்லாம் மரத்தடியில் இருந்தார்கள். தொட்டிலின் வளைந்த கால்கள் புழுதியில் மாட்டி மாட்டி நின்றன. வாய்க்கால் பாலத்துக்கிட்டே வந்தபோது தொட்டில் சட்டென்று லேசானது. திரும்பிப் பார்த்தாள். மறுமுனையைத் தூக்கிக்கொண்டு ஒய்னிசோ நின்றாள். நல்ல உடுப்பு போட்டிருந்தாள், கையில் ரொட்டி மூட்டை.

"நான் உங்களைக் கூப்பிடலை," என்றாள் மவ்ஜூதா. இரண்டு மாதத்தில் அவள் மூத்தவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன். நட."

வேன் டிரைவர் தொட்டிலைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். "அக்கா, இது ஆளு ஏத்துற வண்டி அக்கா. கல்யாணச் சீர் ஏத்துற லாரி பின்னாடி வருது."

"ஏன், நீ எதுல வளந்தே? சூட்கேஸ்லயா?" என்றாள் ஒய்னிசோ. "தூக்கி உள்ள வை."

கடைசி இருக்கைக்கு முன்னால் தொட்டிலை நிறுத்தினார்கள். வண்டி கிளம்பியதுதான் தாமதம், தொட்டில் தானாக ஆடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் பதறிப்போய்க் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அட, வெறுந்தொட்டில் ஆடலாமா! புள்ளைக்கு ஆகாதே! உள்ள ஏதாவது வைங்கம்மா!"

மவ்ஜூதாவுக்கு உயிர் போய் வந்தது. இவ்வளவு யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. லோலாவை உள்ளே வைக்கலாம் என்றால் வண்டியிலேயே தூங்கித் தொலைவாள், மறுபடி எல்லாம் வீண். ஒய்னிசோ ரொட்டி மூட்டையை வைக்கப் போனாள். அதற்குள் முன் இருக்கையில் சாக்கு நிறைய முலாம்பழம் வைத்திருந்த ஒருவர், ஒரு சின்னப் பழத்தை எடுத்துக் கை மாற்றி அனுப்பினார். பழம் தொட்டிலில் படுத்தது. உருண்டுவிடாமல் ஒய்னிசோ பட்டைத் துணியால் அதை இறுக்கிக் கட்டினாள்.

"அப்பன் ஜாடை," என்றாள் ஒரு பெண்.

"மூக்கு இல்லையே."

"அதான் சொல்றேன், அப்பன் ஜாடைன்னு."

வண்டியே சிரித்தது. மவ்ஜூதா சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பருத்தி வயல்கள், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் அணைத்தண்ணீர், மறுபடி பருத்தி வயல்கள். ஓரகத்திகள் இருவருக்கும் நடுவில் முலாம்பழம் ஆடிக்கொண்டே வந்தது. முலாம்பழக்காரர் இறங்கும்போது பழத்தைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற புள்ளை. வச்சுக்குங்க. நல்ல சேதியோட திரும்பி வாங்க."

சோதனை அறையின் சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது போலிருந்தது. கனத்த கதவை மூடியதும் வெளிச்சத்தம் அறவே நின்றது. ஒய்னிசோ தன் காதைத் தானே ஒரு முறை தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். நர்ஸ் தொட்டிலுக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். "டாக்டர், பேஷண்டுக்கு முலாம்பழம் மாதிரி தலை." டாக்டர் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு வந்தது.

லோலாவைப் படுக்க வைத்தார்கள். மூத்திரத்துக்கான மரக்குழாயைப் பொருத்தி, கீழே மண்குவளை வைத்து, கையையும் காலையும் கட்டினார்கள். பழகின இடம், பழகின கட்டு. குழந்தை உடனே இளகிப்போனாள். மவ்ஜூதா கட்டைமேல் கவிழ்ந்து பால் கொடுத்தாள், பாடினாள். ஆடு தூங்குது, வாய்க்கால் தூங்குது. இரண்டாவது சுற்றுக்கு முன்பே கண் செருகியது. மவ்ஜூதா தலையைத் தூக்கி ஒய்னிசோவை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை. ஒய்னிசோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும், பாட்டை நிறுத்திக்குங்க. யாரும் தொட்டிலைத் தொட வேணாம்," என்றாள் டாக்டர் மெல்ல.

நெற்றியைத் துடைத்து ஏதோ பசை தடவி ஒயரை ஒட்டினாள். காதுக்குள் பஞ்சு மாதிரி ஒன்றைச் செருகினாள். லோலா ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். மெஷின் ஓடியது. திரையில் கோடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. டாக்டர் ஒரு குமிழைத் திருப்பினாள், பார்த்தாள், மறுபடி திருப்பினாள். வலது காது, இடது காது, மறுபடியும் வலது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. மவ்ஜூதாவுக்குக் கோடு படிக்கத் தெரியாது. அலையே இல்லாமல் சாதுவாகப் போகிற கோட்டைப் பார்த்து, குழந்தை நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் காதிலிருந்ததை எடுத்துவிட்டு நாற்காலியை அவள் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதுதான், எதற்கு இவ்வளவு கிட்டே உட்காருகிறாள் என்று பயம் வந்தது.

"மவ்ஜூதா, லோலாவுக்குக் காது கேக்கலை. ரெண்டு காதும். என்கிட்ட இருக்கிறதுலயே பெரிய சத்தம் குடுத்துப் பாத்துட்டேன். பதில் வரலை."

"மெஷின்ல கோளாறா இருக்கும்."

"காலையில ரெண்டு குழந்தைக்குப் பாத்தேன். நல்லா வேலை செஞ்சுது."

"இப்ப என் பாட்டுக்குத்தானே தூங்கினா? உங்க கண்ணு முன்னாடிதானே தூங்கினா?"

"ஆமா."

"கேக்காம எப்படித் தூங்குவா? சொல்லுங்க. நான் நிறுத்தினா அழுவா, பாடினா அடங்குவா. தினம் பாக்குறேன். என் மாமியார் செம்புத் தட்டை அடிச்சப்போ திரும்பிப் பாத்தா. ஊரே பாத்துச்சு!"

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "தட்டு எங்க இருந்துச்சு?"

"தொட்டில்..." என்று ஆரம்பித்த மவ்ஜூதா நிறுத்தினாள். மேல்கட்டையில் சாய்ந்திருந்த செம்பு விளிம்பு கண்முன் வந்து நின்றது.

"பாடும்போது உங்க மார் எங்க இருந்துச்சு?"

மவ்ஜூதா தொட்டிலின் கட்டையைப் பார்த்தாள். அவள் மாரும் கையும் பட்டுப் பட்டு அதன் நடுவில் வண்ணப்பூ அழிந்து வெறும் மரம் தெரிந்தது.

"நான் சொன்னேன்னு நம்ப வேணாம்," என்றாள் டாக்டர். "வீட்டுல ஒரு தடவை தொட்டிலைத் தொடாம, தள்ளி நின்னு பாடிப் பாருங்க. அப்புறம் என்கிட்ட வாங்க. காதுக்கு அச்சு எடுத்து மெஷின் போட்டுப் பாப்போம். அதுல போதலைன்னா ஆபரேஷன் இருக்கு. பேச்சு வர்ற வயசு இன்னும் தாண்டிப் போகலை. இங்க மூணு வயசுல, நாலு வயசுலதான் கொண்டுவருவாங்க, புள்ளை இன்னும் பேசலையேன்னு. நீங்க ஒன்பது மாசத்துல கொண்டுவந்திருக்கீங்க. வீட்டுல யாரு முதல்ல கவனிச்சது?"

மவ்ஜூதா திரும்பாமலேயே, முகவாயால் பின்பக்கம் காட்டினாள்.

"இவங்க."

திரும்பிப் போகிற வேனில் லோலா அம்மா மடியை விட்டு இறங்க மறுத்தாள். தொட்டிலில் பழையபடி முலாம்பழம்தான். குழந்தை சிணுங்கினாள். பாடினால் அடங்கியிருப்பாள். மவ்ஜூதா பாடவில்லை. முதுகைத் தட்டினாள், ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்தாள், ஜன்னலைக் காட்டினாள். பாட மட்டும் வாய் வரவில்லை. பாடிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று பயமாக இருந்தது. இத்தனை மாதம் தன் குரலைக் கேட்டுத்தான் இவள் தூங்கினாள் என்று அவள் எவ்வளவு கர்வமாக இருந்தாள்! ஆண்பிள்ளை இல்லை, புருஷன் பக்கத்தில் இல்லை, சொந்தமாக ஒரு அடுப்புகூட இல்லை. அந்தப் பாட்டு ஒன்றுதான் அவளுடையது என்று இருந்தது.

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஒய்னிசோ முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது மவ்ஜூதா பார்த்ததே இல்லை. புருஷன் ரயிலேறிய அன்றைக்குக்கூட அவள் டிக்கெட் பத்திரம் என்றுதான் சொன்னாள்.

"நீங்க ஏன் அழுவுறீங்க? நீங்க சொன்னதுதானே நடந்துச்சு," என்றாள் மவ்ஜூதா. கோபத்தில் தொடங்கிய சொல் முடிவதற்குள் கோபம் தீர்ந்துபோயிருந்தது.

"நான் சொன்னது பொய்யாப் போகணும்னு நேந்துக்கிட்டேண்டி," என்றாள் ஒய்னிசோ. "பொய்யாப் போச்சுன்னா எண்ணெய் காய வச்சு, ரொட்டி பொரிச்சு, தெரு முழுக்கக் குடுக்கறேன்னு நேந்துக்கிட்டேன். எண்ணெய் வாங்கி வச்சு ரெண்டு மாசம் ஆச்சு. நம்ம மாமியார் தட்டை அடிச்சப்போ எல்லாரும் சிரிச்சாங்கல்ல, எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நீ கடைக்குப் போயிருந்தப்போ புள்ள பின்னாடி நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன், கூப்பிட்டேன்..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? நீதான் கூரையையே ரெண்டாப் பிரிச்சுட்டியே."

மவ்ஜூதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முகத்தைக் குழந்தையின் தலையில் புதைத்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒய்னிசோ மூக்கைச் சிந்திவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். மவ்ஜூதா கொடுத்தாள்.

வீட்டு முற்றத்தில் மாமியார் தேநீர் போட்டு, பெரிய மரக்கட்டில்மேல் விரிப்பு விரித்து வைத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் வழக்கமான தலைகள் தெரிந்தன. தொட்டிலை இறக்குவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க? கேக்குதுன்னு சொல்லியிருப்பாங்களே!"

ஒய்னிசோ வாயைத் திறந்தாள். மவ்ஜூதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இதை வேறு யாரும் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"கேக்கலைம்மா. ரெண்டு காதும் கேக்கலை."

"யாரு சொன்னது? மெஷினா? மெஷினுக்கு என்ன தெரியும்? நான் அடிச்சப்போ திரும்பினாளா இல்லையா?" மாமியார் முழங்கால் வலியை மறந்து உள்ளே போய்ச் செம்புத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "படுக்க வை. இப்பவே காட்டுறேன்."

மவ்ஜூதா முலாம்பழத்தை எடுத்து விரிப்பில் வைத்துவிட்டு, லோலாவைத் தொட்டிலில் படுக்க வைத்துக் கட்டினாள். மாமியார் தட்டின் விளிம்பை மேல்கட்டையில் சாய்க்கப் போனாள். மவ்ஜூதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மாமியாரின் கையை அப்படிப் பிடிப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"கட்டையைத் தொடாதீங்கம்மா. தூக்கிப் பிடிச்சு அடிங்க."

"ஏன்?"

"தூக்கிப் பிடிச்சு அடிங்க, அவ்வளவுதான்."

மாமியார் அவளை முறைத்துவிட்டு, தட்டைத் தலைக்குமேல் தூக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். புறாக்கள் கூரையிலிருந்து மொத்தமாக எழும்பின. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒய்னிசோவின் கடைசிப் பையன் காதைப் பொத்திக்கொண்டான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "யா அல்லா!" என்றாள். லோலா மல்பெரி இலைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மாமியார் இன்னொரு தடவை அடித்தாள். மூன்றாவது தடவைக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. மெல்ல இறங்கியது.

வேலித் தலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மாமியார் தட்டைக் கீழே வைத்தாள். கரண்டியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் விரிப்பில் இருந்த முலாம்பழத்தை இழுத்து, கத்தி எடுத்து, அறுக்க உட்கார்ந்தாள். கண்ணீர் பழத்தின்மேல் விழுந்ததை அவள் துடைக்கவில்லை.

"அச்சு எடுத்து மெஷின் வைப்பாங்களாம்மா," என்றாள் ஒய்னிசோ. "சின்ன வயசுலயே கொண்டுவந்துட்டோமாம். பேச்சு வருமாம். நானும் கூடப் போறேன். தொட்டிலை ஒருத்தி தூக்க முடியாது."

வெயில் சாய்ந்து காற்று வந்தது. பசி நேரம். லோலா உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். மவ்ஜூதா தொட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பாட ஆரம்பித்தாள். ஆடு தூங்குது, வாய்க்கால் தூங்குது. குழந்தை அழுதாள். குரலை உயர்த்தினாள். குழந்தை அவள் பக்கம் திரும்பாமல் வானத்தைப் பார்த்து அழுதாள். பனி தூங்குது என்ற இடத்தில் மவ்ஜூதா பாட்டை நிறுத்தினாள். அதற்குமேல் அவளால் தள்ளி இருக்க முடியவில்லை. எழுந்துபோய்த் தொட்டில்மேல் கவிழ்ந்து, வண்ணம் அழிந்த அந்த இடத்தில் மாரைச் சாய்த்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

அழுகை நின்றது. லோலா பால் குடிக்கத் தொடங்கினாள்.

ஒய்னிசோ கிட்டே வந்தாள். மேல்கட்டையின் மறுமுனையில், குழந்தையின் கால்மாட்டில், உள்ளங்கையைப் பதித்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு இரண்டாவது சுற்று வந்தது. அவள் உள்ளங்கைக்குள் மெல்லிய நடுக்கம் ஒன்று ஏறி, நின்று, மறுபடி ஏறியது.

"வருதுடி," என்றாள் ஒய்னிசோ. "இங்க வரைக்கும் வருது. நீ பாடு."